போட் எஞ்சினுக்குச் சூடும் வேணும்!

எபிசோடில் நேரம் பத்தாம விட்ட விஷயம் இது, மக்களே. ஸ்பீட் போட் எப்பவும் தண்ணியைத் தள்ளிக்கிட்டே போகணும். காரில் விடாம மேடு ஏறுற மாதிரி வேலை. அதனால் ஆயில் சீக்கிரம் சூடாகும். 130 டிகிரி செல்சியஸைத் தாண்டினா அது ரொம்ப மெலிஞ்சு, பேரிங்கைக் காப்பாத்தாது. அதுக்குத்தான் ஏரித் தண்ணியில் இயங்கும் ஆயில் கூலர்.

சிக்கலும் அங்கேதான். மே மாத ஒன்டாரியோ ஏரி ஐஸ் மாதிரி இருக்கும். கூலர் தேவைக்கு மேல் குளிர்விச்சிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா, கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி உருவாகுது. பெரும்பகுதி புகையோடு போயிடும். கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டி ஆயிலில் கலக்கும். ஆயில் 100 டிகிரியை நெருங்கினாத்தான் அது நல்லா ஆவியாகும். இல்லைன்னா உள்ளேயே தங்கி, உலோகத்தை அரிக்கும்.

தீர்வு, ஆயில் தெர்மோஸ்டாட். சூடாகும் வரை ஆயிலைக் கூலர் பக்கம் விடாது. 90 முதல் 110 டிகிரி நல்ல அளவு. மீட்டர் குறைவாக் காட்டுதுன்னு சந்தோஷப்பட வேண்டாம். சூடாகும் முன்னாடி முழு வேகமும் வேண்டாம். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தா, கூலர் கசியுதான்னும் பாருங்க.