நெல்வயல் பாக்டீரியாவும் கடைப் பில்லும்

ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் கூடுதல் என்று 2023 ஜனவரியில் சபரிமலை அரவணை விற்பனையைக் கேரள உயர்நீதிமன்றம் நிறுத்தியது. 2024-ல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தும், ஆறரை லட்சம் டப்பாக்கள் முடங்கியது முடங்கியதுதான்.

கோட்டாறு சந்தையில் ஏலக்காயை நசுக்கி முகர்ந்து தரம் பார்க்கிறோம். எச்சம் மூக்குக்குத் தெரியாது.

பாரத்தியான் மருந்தைச் சிதைக்கும் பாக்டீரியாவைப் பிலிப்பைன்ஸ் நெல்வயலில் கண்டதாக 1973-ல் சேதுநாதன், யோஷிதா ஆகியோர் அறிவித்தனர். அந்தக் குணத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் ஏற்றி, அவ்வகை மருந்துகளைக் காட்டிக்கொடுக்கும் உணர்கருவிகளை ஆய்வகங்களில் செய்துள்ளனர். தயிருக்கு உறை ஊற்றுவதுபோல் இதற்கும் சூடும் தீனியும் நேரமும் அமைய வேண்டும். 37 டிகிரியில் வேகமாகப் பெருகும். ஆனால் பெரும்பாலும் 30 டிகிரியில் நிதானமாக வளர்த்து, துளி கோபால்ட் உப்பும் சேர்க்கிறார்கள். அப்போதுதான் நொதிக்கு வீரியம்.

அக்கருவி நம் கல்லாவுக்கு வரும்வரை? 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கொள்முதல் பில்லே தரத்துக்கு எழுத்து உத்தரவாதம். வணிகப் பெருமக்களே, பில் இல்லாத சரக்கை இறக்காதீர்கள்!