வெட்டவெளிப் பாறைகளின் சாட்சியம்: இங்கிலாந்தின் கற்காலச் செதுக்கல்கள் பதிவாகும் விதம்

வட இங்கிலாந்தின் மேற்கு யோர்க்சயரில், இல்க்லி என்ற சிறு நகருக்கு மேலே பரந்த மேட்டுநிலம் ஒன்று உள்ளது. மரங்கள் அரிதான அந்த வெட்டவெளியில் கிடக்கும் பாறைகள் பலவற்றில், கிண்ணம் போன்ற சிறு குழிகளும் அவற்றைச் சுற்றி வட்டங்களும் செதுக்கப்பட்டுள்ளன. புதிய கற்காலத்திலும் வெண்கலக் காலத் தொடக்கத்திலும், அதாவது ஏறத்தாழ 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்னர், கல்லினால் கொத்தி உருவாக்கப்பட்டவை இவை.

செதுக்கிய மக்கள் எழுத்து எதையும் விட்டுச்செல்லவில்லை. எனவே, பாறை எங்கே இருக்கிறது, அங்கிருந்து எதைக் காணமுடிகிறது, அருகில் வேறு செதுக்கல்கள் உள்ளனவா என்பவையே முக்கிய தடயங்கள். கல்லை இடம்பெயர்த்தால் அந்தத் தடயங்கள் அறுந்துவிடும். இல்க்லியின் 'பனோரமா கல்' 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேட்டிலிருந்து நகருக்குள் கொண்டுவரப்பட்டது. இன்று அதைப் பார்ப்பவர்கள், அது முன்பு பார்த்திருந்த பள்ளத்தாக்கைப் பார்ப்பதில்லை.

மழை, பனி, காட்டுத்தீ, கால்நடைகள், பெயர் கிறுக்குவோர் என்று ஆபத்துகள் பல. ஆகவேதான் பதிவு அவசியமாகிறது. முதலில் ஜி.பி.எஸ். கருவியால் இடம் குறிக்கப்படும். பின்னர் பாறையின் அளவு, செதுக்கலின் வடிவம், சேதம் ஆகியவை படிவத்தில் எழுதப்படும். முன்னர் சுண்ணக்கட்டியால் கோடுகளை நிரப்பிப் படமெடுத்தார்கள்; அது கல்லைப் பாதிப்பதால் இப்போது தவிர்க்கப்படுகிறது. பதிலாக, அளவுகோலை அருகே வைத்து, பல கோணங்களிலிருந்து ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு புகைப்படங்கள் எடுக்கப்படுகின்றன. கணினி அவற்றை இணைத்து முப்பரிமாண உருவமாக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளும் அதில் வெளிப்படும். வெறுங்கண்ணால் பார்ப்பதற்கு, காலை மாலைச் சாய்வெயிலே ஏற்றது.

இப்பணியில் பெரும் பங்கு சாதாரண மக்களுடையது. நோர்தம்பர்லண்டில் ஸ்டான் பெக்கன்சோல் என்ற பாடசாலை ஆசிரியர், 1960களிலிருந்து பல தசாப்தங்களாகப் பாறை பாறையாகத் தேடி வரைந்தார். அவரது ஆவணங்கள் நியூகாசில் பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டு, இணையத்தில் எல்லோருக்கும் திறக்கப்பட்டன. இல்க்லி மேட்டிலும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களே பாறைகளைப் பதிவுசெய்தார்கள். 2017 முதல் 2021 வரை ஸ்கொட்லாந்திலும் இத்தகைய பணி நடைபெற்றது.

பதிவு கல்லைத் தேயாமல் காப்பதில்லை. ஆனால் நாளை அது சிதைந்தாலும், எங்கே, எப்படி இருந்தது என்பதை எவரும் மறுக்க முடியாது.