சிறிய விமானங்கள் வீழ்வதேன்?

சிறிய ரக தனியார் விமானமொன்று விபத்துக்குள்ளானதாகச் செய்தி வெளிவந்ததும், இயந்திரக் கோளாறே காரணமாயிருக்க வேண்டுமென்ற எண்ணமே நம்மில் பலருக்கும் எழுகின்றது. எனினும், சீராக இயங்கிக்கொண்டிருந்த விமானங்களும் விமானியின் கட்டுப்பாட்டிலிருந்து விலகி வீழ்ந்துள்ளமையை விசாரணை அறிக்கைகள் பல எடுத்துக்காட்டுகின்றன.

அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜோன் எப். கென்னடியின் புதல்வரான இளைய கென்னடி, 1999 ஜூலை 16 ஆம் திகதி இரவு மனைவியுடனும் மனைவியின் சகோதரியுடனும் தாமே செலுத்திச் சென்ற ஒற்றை இயந்திர விமானம், மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு அருகே அத்லாந்திக் சமுத்திரத்தில் வீழ்ந்தது. மூவரும் உயிரிழந்தனர். விமானத்தில் ஏற்கனவே கோளாறு இருந்தமைக்குச் சான்றெதுவும் கிடைக்கவில்லை. இருளும் புகாரும் சூழ்ந்த கடலின் மேல் திசையுணர்வை இழந்தமையால் விமானி கட்டுப்பாட்டைப் பேணத் தவறினார் என விசாரணை முடிவு செய்தது. கருவிகளை மாத்திரம் நம்பிப் பறப்பதற்கான தகுதிச் சான்றிதழை அவர் பெற்றிருக்கவில்லை.

அடிவானம் கண்ணுக்குப் புலப்படாதவிடத்து நமது உடலே நம்மை ஏமாற்றிவிடுகின்றது. அசைவையும் திரும்புதலையும் நமக்கு உணர்த்துவது உட்செவியிலுள்ள திரவமாகும். விமானம் ஒரே சீராக ஒரு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தால், சிறிது நேரத்தில் அவ்வுணர்வு மறைந்து, நேராகவே செல்வதாக விமானி நம்பத் தலைப்படுகின்றார். உயரம் குறைவதைக் கண்டு முகப்பை உயர்த்த முயல்கையில், சாய்ந்த நிலையிலுள்ள விமானத்தின் சுழற்சி மேலும் இறுகுகின்றது. இல்லினோய் பல்கலைக்கழகத்தில் 1954 இல் கருவிப் பயிற்சியற்ற 20 பேரை வெளிப்புறம் தெரியாத நிலையில் விமானத்தைச் செலுத்தச் செய்தபோது, அவர்கள் சராசரியாக 178 செக்கன்களில் கட்டுப்பாட்டை இழந்தனர்.

அப்படியாயின் அனுபவமும் சான்றிதழும் போதுமானவையா? கூடைப்பந்தாட்ட வீரர் கோபி பிரையன்ட் உட்பட 9 பேர் பலியான 2020 ஜனவரி 26 ஆம் திகதிய கலிபோர்னியா ஹெலிகொப்டர் விபத்தில், விமானி இவ்விரண்டையும் உடையவராகவே இருந்தார். முகில் மூட்டத்தினுள் பயணத்தைத் தொடர அவர் எடுத்த தீர்மானமே விபத்துக்கு வழிவகுத்தது. பயணத்தை நிறைவேற்றியே ஆகவேண்டுமெனத் தமக்குத்தாமே ஏற்படுத்திக்கொண்ட அழுத்தமும் அதற்குத் துணைபோயிருக்கக்கூடும் என விசாரணையாளர்கள் சுட்டிக்காட்டினர்.

பெரிய பயணிகள் விமானமொன்றில் இரு விமானிகளும், தரையில் அவர்களை வழிநடத்தும் அலுவலர்களும் உள்ளனர். சிறிய விமானத்திலோ, புறப்படுவதா திரும்புவதா என்ற முடிவு பெரும்பாலும் ஒருவரின் கையிலேயே தங்கியுள்ளது. கென்னடிக்காக உறவினரின் திருமண வைபவமும், பிரையன்டுக்காகக் கூடைப்பந்தாட்டப் போட்டியும் காத்திருந்தன. காத்திருப்போர் உள்ளனர் என்பதே திரும்பிச் செல்வதைக் கடினமாக்கிவிடுகின்றது.

காலநிலை சரியில்லை, திரும்பிவிடுவோம் என விமானி கூறுமிடத்து, அதனைக் கோழைத்தனமாகக் கருதாது நன்றியுடன் ஏற்பது பயணிகளின் கடமையாகும் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.