ஃபார்மேட் அடிப்பதற்கு முன்னால்

"அண்ணே, விண்டோஸ் பதினொண்ணு போடப் போனேன், அதோட கம்ப்யூட்டர் ஆன் ஆகலை. ஃபார்மேட் அடிச்சுக் குடுத்துருங்க." கடைக்கு வருகிறவர்கள் நோயையும் மருந்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அந்தத் தேதியை ஒட்டி என் சர்வீஸ் மேஜைக்கு இந்த மாதிரி மெஷின்கள் நிறையவே வந்தன. பெரும்பாலானவற்றுக்கு ஃபார்மேட் தேவையே இல்லை.

"ஆன் ஆகலை" என்பது எனக்குப் போதாது. எதுவரை ஆகிறது என்று தெரிய வேண்டும். பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கிற பயாஸ். புது மெஷின்களில் அதற்கு யூஇஎஃப்ஐ என்று பெயர். ஆனாலும் எல்லோர் வாயிலும் பயாஸ்தான். அது ரேம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கம்பெனி லோகோவைக் காட்டும். பிறகு டிஸ்க்கில் இருக்கிற ஒரு சின்னத் தொடக்க புரோகிராமைத் தேடிப் பிடித்து வேலையை ஒப்படைக்கும். அதுதான் விண்டோஸை எழுப்புகிறது. டிஸ்ப்ளே, வைஃபை டிரைவர்கள் எல்லாம் அதற்கப்புறம்தான். இதில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத் திரையே காட்டிக்கொடுத்துவிடும்.

லோகோவே வரவில்லை என்றால் விண்டோஸைச் சந்தேகிக்க வேண்டாம். பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒரு தடவை ஆன் செய்யுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ரேமைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

மேலே சொன்னவர் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர். டெஸ்க்டாப்பை ஆன் செய்தால் லோகோ வருகிறது, அடுத்து நேராக பயாஸ் திரையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பத்து வருஷ டிசைன்கள் உள்ளே.

"பயாஸ்ல எதையாவது மாத்துனீங்களா?"

"செக்யூர் பூட் வேணும்னு சொல்லுச்சு. வீடியோ பார்த்தேன், சிஎஸ்எம்னு ஒண்ணை ஆஃப் பண்ணச் சொன்னாங்க, பண்ணேன்."

விஷயம் அங்கேதான் இருந்தது. பழைய டிஸ்க்குகள் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். சிஎஸ்எம் இருந்தால்தான் பயாஸ் அவற்றிலிருந்து விண்டோஸைக் கிளப்பும். அதை நிறுத்தினால், யூஇஎஃப்ஐ தனக்கென்று டிஸ்க்கில் ஒதுக்கப்பட்ட, பெரும்பாலும் 100 எம்பி அளவுள்ள ஒரு சின்னப் பகுதியைத் தேடும். எம்பிஆர் டிஸ்க்கில் அது இருக்காது. டிஸ்க்கின் பெயர் பயாஸ் பட்டியலில் ஒழுங்காகத் தெரிந்தது. அதாவது டிஸ்க் உயிரோடு இருக்கிறது. சிஎஸ்எம்மைத் திரும்ப ஆன் செய்தேன், விண்டோஸ் 10 வந்து நின்றது. டிசைன்களை வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸிலேயே இருக்கிற எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கைப் புது முறைக்கு மாற்றி, அதற்கப்புறம் சிஎஸ்எம்மை நிறுத்தினோம். ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. வீடியோவில் சொன்னது தப்பில்லை, வரிசைதான் தலைகீழ்.

இன்னொரு திரை இருக்கிறது. எனக்குப் பயமே அதைப் பார்த்தால்தான். நீல நிறத்தில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கும். டிஸ்க் பூட்டியிருக்கிறது, சாவி மதர்போர்டில் இருக்கிற டிபிஎம் சிப்பில். மெஷின் கிளம்புகிற விதம் முன்பு போலவே இருந்தால்தான் அந்த சிப் சாவியைக் கொடுக்கும். பயாஸில் ஒன்றை மாற்றினாலோ, சில சமயம் அப்டேட் முடிந்த கையோடோ, அதற்குச் சந்தேகம் வந்துவிடும். அப்போது 48 இலக்க எண்ணை நாம் அடிக்க வேண்டும். வீட்டு லேப்டாப் என்றால் பெரும்பாலும் அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் சேமித்திருக்கும். போனிலேயே லாகின் செய்து பார்க்கலாம். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆட்களிடம் கேளுங்கள். இந்தத் திரையைப் பார்த்ததும் ஃபார்மேட் அடிக்கிற கடையில் மெஷினைக் கொடுக்காதீர்கள். பூட்டிய டிஸ்க்கை அழித்துவிட்டால் எந்த ரெக்கவரி சாஃப்ட்வேரும் குழந்தையின் போட்டோவை மீட்டுத் தராது.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் அப்டேட்டால் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீல எரர் திரையில் நின்றன. சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை அழித்தால் தீர்ந்தது. பல ஆபீஸ்களில் அதைச் செய்ய முடியாமல் திணறியது இந்த 48 இலக்கத்தைத் தேடித்தான்.

புள்ளிகள் சுற்றுகிற வட்டம் வந்து அதற்குமேல் நகரவில்லை என்றால் கோளாறு அநேகமாக டிரைவரில். டிஸ்க் லைட் மின்னிக்கொண்டிருந்தால் பொறுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் அப்கிரேடு மணிக்கணக்கில் ஓடும். லைட்டும் அணைந்து எந்த அசைவும் இல்லையென்றால், லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் விண்டோஸ் தானாகவே ரிப்பேர் மெனுவைத் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் இருக்கிறது, சேஃப் மோடு இருக்கிறது, கடைசியாகப் போட்ட பெரிய அப்டேட்டை நீக்குகிற வழியும் இருக்கிறது. பழைய விண்டோஸை 10 நாள் வரை ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கும். அதற்குள் என்றால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

டிஸ்க்கே போய்விட்ட கேஸும் உண்டு. ஆறேழு வருஷம் ஓடிய ஹார்டு டிஸ்க்கில் அப்கிரேடு பல ஜிபி எழுதும்போது, இத்தனை நாள் மறைந்திருந்த கோளாறு வெளியே வரும். காதை வைத்தால் டிக் டிக் என்று கேட்கும், பயாஸ் பட்டியலில் பெயர் ஒரு தடவை தெரியும், மறுதடவை காணாமல் போகும். அதை ரிப்பேர் மெனுவில் போட்டு வதைக்கக் கூடாது. லினக்ஸ் பென் டிரைவில் மெஷினைக் கிளப்பி, முக்கியமான ஃபோல்டர்களை முதலில் வெளியே எடுப்பேன். அப்புறம் புது எஸ்எஸ்டி மாட்டி, அதில்தான் விண்டோஸ். பழைய டிஸ்க்கை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிடுவேன். அவருடைய பேங்க் ஸ்டேட்மென்ட் அதில் இன்னும் இருக்கிறது.