மூன்று மொழியில் எண்ணும் பிள்ளைகளுக்கு ஓராண்டுக் கணக்குப் பாடத்திட்டம்

அபர்டீன் பஜார் மணிக்கூண்டுப் பக்கம் காய்கறி வாங்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கவனித்தால் ஒன்று புலப்படும். கடைக்காரர் "சைந்தீஸ் ருப்யா" என்கிறார். அம்மா "முப்பத்தேழு" என்று முணுமுணுத்துக்கொண்டே பணத்தை எடுக்கிறார். பக்கத்தில் நிற்கும் பிள்ளை அதையே பள்ளிக்கூடத்தில் "தர்ட்டி செவன்" என்று படித்திருக்கிறது. ஒரே எண்ணுக்கு மூன்று பெயர். நம் தீவுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த மூன்றுக்கும் நடுவில்தான் கணக்குப் பழகுகிறார்கள்.

"வீட்டிலே தமிழில் எண்ணச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை குழம்பிடும், விட்டுடுங்க" என்று பெற்றோருக்கு யோசனை சொல்பவர்கள் உண்டு. பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்த யோசனை சரியல்ல என்பது என் கருத்து. தமிழ் எண்ணுப்பெயர்களை ஆண்டுப் பாடத்திட்டத்தில் எங்கே, எவ்வளவு காலம் வைத்தால் பிள்ளைக்கு உதவும் என்பதை மூன்றாம் வகுப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதலில் நாள் கணக்கு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள் என்று வரையறுக்கிறது. தினம் ஒரு கணக்குப் பீரியடு என்றால் 200 பீரியடு. தேர்வு, திருப்புதல், விளையாட்டு விழா, ஆண்டு விழா ஒத்திகை என்று நாற்பதைக் கழித்துவிடலாம். மிஞ்சுவது 160. தீவுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. வழியில் நடப்பவை. என்.சி.இ.ஆர்.டி. 2024இல் வெளியிட்ட மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகமான 'மேத்ஸ் மேளா'வில் 14 பாடங்கள். 160ஐ 14ஆல் வகுத்து, பாடத்திற்குப் பதினொரு பீரியடு என்று எழுதி வைத்துவிடுவதே பல இடங்களில் 'ஆண்டுத் திட்டம்' எனப்படுகிறது. ஆனால் எல்லாப் பாடமும் ஒரே எடை உள்ளவை அல்ல. பொருள்களின் வடிவங்களை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். நூறு, பத்து, ஒன்று என்ற இடமதிப்பு அப்படி முடியாது. அது ஆடினால் அதற்கு மேலே வரும் கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாமே ஆடும். புத்தகமே இதைக் கருதித்தான் மூன்றிலக்க எண்களை 'ஹவுஸ் ஆஃப் ஹண்ட்ரட்ஸ்' என்ற பெயரில் இரண்டு பாடங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது.

இந்த இடமதிப்பில்தான் மொழி வந்து சேர்கிறது. தமிழில் எழுபத்து மூன்று என்றால் ஏழு பத்து, அதற்கு மேல் மூன்று. சொல்லும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றே. ஆங்கிலத்தில் 'ஃபோர்ட்டீன்' என்னும்போது நாலு முதலில் கேட்கிறது; அதனால் 41 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. 'லெவன்', 'ட்வெல்வ்' என்பவற்றில் பத்தே காதில் விழுவதில்லை. இந்தியில் ஒன்று முதல் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொரு எண்ணுக்கும் தனிப் பெயரை மனப்பாடம் செய்தாக வேண்டும். 29ஐ 'உன்தீஸ்' என்பார்கள். முப்பதுக்கு ஒன்று குறைவு என்பது பொருள். 39, 49, 59 ஆகியவையும் அப்படியே. ஆனால் 89 'நவாசி', 99 'நின்யானவே'. அங்கே அந்த விதி கிடையாது. இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைக்கே இதற்கு நாள் பிடிக்கும்.

தமிழும் முற்றிலும் ஒழுங்கானதல்ல. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறும், தொள்ளாயிரம் என்ற சொல்லுக்குள் ஆயிரமும் ஒளிந்திருக்கின்றன. இந்த இரண்டையும் தனியாக, பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும். மற்றபடி பத்துகளை வெளிப்படையாகக் காட்டும் மொழி நம்முடையது.

இதை மொழிப்பற்றினால் மட்டும் சொல்லவில்லை. ஆன் டௌக்கர் என்ற உளவியல் ஆய்வாளர் இருவருடன் சேர்ந்து 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பேசப்படும் வெல்ஷ் மொழியின் எண்ணுப்பெயர்கள் மிக ஒழுங்கானவை. அம்மொழி பேசும் பிள்ளைகள், ஆங்கிலம் மட்டும் அறிந்த பிள்ளைகளைவிட ஈரிலக்க எண்களைப் பிழை குறைவாக வாசித்தனர், ஒப்பிட்டனர். அதே ஆய்வில் இங்கிலாந்தில் வாழும் தமிழ்-ஆங்கில இருமொழிப் பிள்ளைகளையும் சோதித்தார்கள் என்பது நமக்கு முக்கியமான செய்தி. ஒரு கணக்குத் தேர்வில் அவர்கள் ஆங்கிலம் மட்டும் பேசும் பிள்ளைகளை முந்தினார்கள். ஈரிலக்க எண்களை ஒப்பிடுவதில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே தமிழில் எண்ணினால் பிள்ளை கணித மேதை ஆகிவிடும் என்று யாரும் பெருமையடிக்க இடமில்லை. தமிழ் கணக்கைக் கெடுக்கும் என்பதற்கும் அதில் ஆதாரம் இல்லை.

இனித் திட்டத்துக்கு வருவோம். ஏப்ரலில் பள்ளி தொடங்கியதும் புத்தகத்தைத் திறக்காமல் இரண்டு வாரம் ஈரிலக்க எண்களோடு இருக்கலாம். சுவரில் ஓர் அட்டை தொங்கட்டும்: 37 என்ற எண், பக்கத்தில் மூன்று பெயர்கள், கீழே மூன்று கட்டும் ஏழு குச்சியும். தமிழ்ப் பெயர் கட்டுகளைக் காட்டிக் கொடுக்கும். மற்ற இரண்டும் கடைக்கும் தேர்வுக்கும் வேண்டும். கோடை விடுமுறையில் பாதி மறந்துபோகும். அதனால் திரும்பி வந்ததும் ஒரு வாரம் இதையே திருப்பிப் பார்க்க வேண்டும். இது வீண் செலவு அல்ல.

அதன்பின் ஆகஸ்ட் வரை நூறுகளுக்கே விட்டுவிடலாம். கட்டுவதற்குத் தென்னை ஈர்க்கு போதும். தீவில் அதற்கா பஞ்சம்? பத்து ஈர்க்கு ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பெரிய கட்டு. 302 என்றால் மூன்று பெரிய கட்டு, சிறு கட்டு இல்லை, இரண்டு உதிரி. இதிலிருந்து 147ஐ எடுக்கச் சொல்லிப் பாருங்கள். "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று நாம் படித்த முறை இங்கே தடுமாறும், ஏனெனில் பக்கத்து வீட்டில் சுழியம்தான் இருக்கிறது. "கடன் வாங்கினா திருப்பித் தரணுமே டீச்சர்?" என்று கேட்கும் பிள்ளை நியாயமாகத்தான் கேட்கிறது. கடன் என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். கட்டை அவிழ்க்கட்டும். ஒரு பெரிய கட்டை அவிழ்த்தால் பத்துச் சிறு கட்டு. அதில் ஒன்றை அவிழ்த்தால் பத்து உதிரி. இப்போது கையில் இரண்டு பெரியது, ஒன்பது சிறியது, பன்னிரண்டு உதிரி. எடுத்தால் மீதி 155. இந்த ஒரு செயலுக்கு மட்டும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து முழுதாக ஐந்து வாரம் ஒதுக்குவேன். அதைக் குறைத்துத் திட்டம் போடுபவர்கள் நான்காம் வகுப்பில் இரட்டிப்பாகச் செலவழிக்க நேரிடும்.

பெருக்கலும் பகிர்தலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வாய்ப்பாட்டை ராகமாகச் சொல்வதைப் பழைமை என்று ஒதுக்க வேண்டாம், தினம் ஐந்து நிமிடம் போதும். மழைக்காலம் இருக்கையில் முகத்தல் அளவையையும் இடையில் செருகிவிடலாம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் அளக்கத் தண்ணீருக்குக் குறைவில்லை.

ஜனவரியில் பின்னம், கடிகாரம். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த நம் முன்னோர் முந்திரி என்ற 320இல் ஒரு பங்கு வரை வாயால் கணக்கிட்டார்கள். 1957இல் நயா பைசாவும், அதையொட்டி மெட்ரிக் எடைகளும் வந்தபின் அந்தக் கணக்கு வழக்கொழிந்தது. ஆனால் கால், அரை, முக்கால் மட்டும் இன்றும் நம் வாயில் இருக்கின்றன. பஜாரில் ஒன்றரைக் கிலோ மீனுக்கு 'டேட்' என்றும், இரண்டரைக்கு 'டாயி' என்றும் சொல்கிறார்கள். அந்தச் சொற்களில் ஒன்றும் தெரியாது, அரையும் தெரியாது. ஒன்றரை என்ற சொல்லில் இரண்டும் இருக்கின்றன. பின்னப் பாடத்தை அங்கிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

கடிகாரப் பாடத்தில் ஓர் எச்சரிக்கை. காலை ஆறு மணிக்குச் சூரியன் எட்டிப் பார்ப்பதாகப் படம் போட்டால் நம் பிள்ளை நம்பாது. இந்திய நேரம் 82½ பாகை தீர்க்கரேகையை வைத்தது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேர் அதற்குப் பத்துப் பாகைக்கும் மேல் கிழக்கே இருக்கிறது. நாற்பது நிமிட வித்தியாசம். ஜூனில் ஐந்து மணி வாக்கிலேயே விடிந்துவிடும். நவம்பரில் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். பிள்ளைகளே சூரியன் மறையும் நேரத்தை ஒரு மாதம் குறித்து வரட்டும். அதைவிட நல்ல கடிகாரப் பாடம் இல்லை.

பெற்றோருக்கு வேலை ஒன்றுதான். கடைக்குப் போகையில் மீதிச் சில்லறையைப் பிள்ளையைக் கேளுங்கள், தமிழில். 63 ரூபாய்க்கு நூறு ரூபாய் கொடுத்தால் கடைக்காரர் கழிப்பதில்லை. ஏழு கொடுத்து எழுபது, முப்பது கொடுத்து நூறு என்று ஏறிக்கொண்டே போகிறார். மீதி 37. இதுவும் கழித்தல்தான். வீட்டில் இதைப் பழகிய பிள்ளை வகுப்பில் வேறு முறையில் செய்தால் ஆசிரியர் திருத்த வேண்டாம். எப்படிச் செய்தாய் என்று கேட்டுப் பலகையில் எழுதட்டும்.

பிப்ரவரி திருப்புதலுக்கு. மார்ச்சில் தேர்வு முடிந்ததும் ஆசிரியர் ஒரே ஒரு தாள் எழுதி நான்காம் வகுப்பு ஆசிரியரிடம் கொடுப்பது நல்லது: எந்தெந்தப் பிள்ளைக்கு 302இலிருந்து 147 போகவில்லை, தொண்ணூறை யார் இன்னும் நூறுக்கு மேல் எழுதுகிறார்கள், யாருக்கு ஈர்க்குக் கட்டு இன்னும் தேவைப்படுகிறது.