ஆயாக் கொட்டகையும் கைக்குழந்தை வீடும்

மலாயாத் தோட்டப்புறத் தமிழில் வேரூன்றிய சொற்கள் பல. பெரட்டு, லயம், காண்டா வாளி என்பவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது 'ஆயாக் கொட்டகை' என்னும் சொல். பால்மரம் வெட்டச் செல்லும் தாய்மார் தம் கைக்குழந்தைகளை விட்டுச் சென்ற இடத்துக்கு அது பெயர். இலங்கை மலையகத் தமிழர் இதனையே பிள்ளை மடுவம் என்றும் பிள்ளைக் காம்பரா என்றும் வழங்கினர். ஆயா, காம்பரா என்னும் இரண்டும் போர்த்துகீசியத்திலிருந்து வந்தவை. சொல் எங்கிருந்து வந்ததாயினும் பொருள் நம் தாய்மாரின் வாழ்க்கையோடு பிணைந்தது.

இன்று அக்கொட்டகைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. சொல்லும் மறைந்து வருகின்றது. மறைவது சொல் மட்டுமாயின் அகராதியில் எழுதி வைத்து அமையலாம். அதனோடு ஓர் உண்மையும் மறைகின்றது என்பதே நாம் எண்ண வேண்டியது. ஆயா தோட்டத்தில் சம்பளம் பெற்றவள். மரம் வெட்டுதல் ஒரு வேலை என்றால் பிள்ளையைப் பார்ப்பதும் ஒரு வேலையே. அதற்குத் தனியே ஓர் ஆள் வேண்டும், கூலியும் வேண்டும் என்பதைத் தோட்டக் கணக்கு ஏற்றுக்கொண்டிருந்தது. இன்றைய நகர வீட்டுக் கணக்கில் அந்த வேலைக்கு இடமில்லை. சமையலோடும் துவையலோடும் சேர்த்து 'வீட்டு வேலை' என்ற ஒரே பெயரில் அது அடங்கிப்போகின்றது.

தாய்வீடு கடலுக்கு அப்பால்

முதற் பிள்ளைப்பேறு தாய்வீட்டில் நிகழ்வது தமிழர் வழக்கம். பெற்றவள் அடுப்பங்கரைக்குச் செல்வதில்லை. பத்தியம் சமைப்பவர் ஒருவர், குழந்தையைக் குளிப்பாட்டுபவர் ஒருவர், துணி அலசுபவர் ஒருவர் என வேலைகள் பிரிந்து நிற்கும். பாலூட்டுவதும் உடல் தேறுவதுமே அவளுக்குரிய பணி. தீட்டு என்று காரணம் கூறினார்கள். காரணம் எதுவாயினும் விளைந்த பயன் ஓய்வு. இந்நாட்டு மலாய்க்காரர் 'பந்தாங்' என்று ஏறத்தாழ 40 நாளும், சீனர் ஒரு மாதமும் இத்தகைய காப்புக் காலம் வைத்திருக்கின்றனர். மூன்று இனத்தாரும் தனித்தனியே கண்ட உண்மை ஒன்றாக இருப்பது கருதத்தக்கது.

ஜொகூருக்கு வந்து சேர்ந்த தமிழ்ப் பெண்ணுக்குத் தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. சிகாமட்டிலிருந்து லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் வழியாக ஜொகூர் பாருவுக்குச் செல்லும் இருப்புப்பாதை 1909இல் நிறைவுற்றது. அதன் இருமருங்கிலும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் தம் ஊராரையும் உறவினரையும் அழைத்து வந்தமையால், லயத்தின் அடுத்த வாசலில் ஓர் அத்தையோ பெரியம்மாவோ இருக்கக்கூடும். அவ்வாறு யாரும் இல்லாத இடத்தில் வயதில் மூத்தவள் எல்லார்க்கும் பாட்டியானாள். தாய்வீட்டின் இடத்தை லயம் ஏற்றுக்கொண்டது. 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்த பின், ஊரிலிருந்து புதிய உறவு வருவதும் அருகியது.

விடியுமுன் புறப்பட்ட தாய்

ரப்பர்ப் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறக் குறையும். ஆகவே இருள் பிரியுமுன்னரே பெரட்டுக்கு நிற்க வேண்டும். தாய் அதற்கும் முன் எழுந்து, அடுப்பு மூட்டி, உறங்கும் குழந்தையைத் துணியிற் சுற்றித் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடப்பாள். அங்கே உத்தரத்தில் வரிசையாகத் துணித் தொட்டில்கள் தொங்கும். மரம் வெட்டும் வயதைக் கடந்த ஒருத்தி ஆயாவாக இருப்பாள்.

இவ்வேற்பாடு முதலாளியின் அன்பால் மட்டும் வந்ததன்று. தாய் வேலைக்கு வந்தால்தான் பால் வாளி நிறையும். கூட்டாட்சி மலாய் மாநிலங்களில் 1923இல் வந்த தொழிலாளர் சட்டம் தோட்டங்களின்மேல் பல கடமைகளைச் சுமத்தியது. பள்ளி வயதுச் சிறுவர் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்ற விதியை ஆசிரியர்கள் நன்கறிவர். பேறுகால உதவித்தொகையும் அச்சட்டத்தில் இடம்பெற்றது. ஜொகூர் அக்கூட்டாட்சியில் சேராத மாநிலம். ஆயினும் அதன் தோட்டங்களிலும் இத்தகைய ஏற்பாடுகளே வழக்கிற்கு வந்தன.

கொட்டகையைப் பொற்காலமாகப் புகழ்வதற்கில்லை. ஓர் ஆயாவிடம் பல குழந்தைகள் இருந்தனர். ஒரு குழந்தைக்கு இருமல் வந்தால் எல்லாக் குழந்தைகளுக்கும் வரும். எல்லாவற்றினும் பெரிய குறை பாலைப் பற்றியது. தாய் காட்டில் இருக்கும் நேரத்தில் குழந்தை பசித்தழும். அந்த இடைவெளியில் நுழைந்தது டின் பால். சீனி கலந்த கெட்டிப் பாலைக் குழந்தை உணவென்று விளம்பரம் செய்து விற்ற காலம் அது. நீரில் கரைத்து ஊட்டிய அப்பாலில் சீனி மிகுதி; குழந்தைக்கு வேண்டிய சத்துகள் குறைவு; கலக்கும் நீரும் புட்டியும் தூய்மையற்றவையாயின் வயிற்றுப்போக்கு நிச்சயம். அக்காலத்தில் மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் உரையாற்றி இதனைக் கடுமையாகக் கண்டித்தார். தாய்ப்பாலுக்கு மாற்றானவற்றை விற்கும் முறைக்கு உலகச் சுகாதார நிறுவனம் நெறி வகுத்தது 1981இல்தான். ஜொகூர் நீரிணையின் கரையில் எழுந்த குரல் உலகத்தின் காதில் விழ 42 ஆண்டுகள் ஆயின.

இருவகை வேலை

வீட்டு வேலையும் பிள்ளை வேலையும் இயல்பிலேயே வேறுபட்டவை. வீட்டு வேலை நாள்தோறும் ஒன்றே. இன்று துலக்கிய பாத்திரத்தையே நாளையும் துலக்குகிறோம். ஒருநாள் தள்ளிப்போட்டால் குவியுமேயன்றிக் கெடாது. பிள்ளை வேலையோ தள்ளிப்போடவும் இயலாதது, மாதந்தோறும் மாறுவது.

இம்மாற்றத்தைத் தமிழ்ப் புலவர் கூர்ந்து கண்டிருந்தனர் என்பதற்குப் பிள்ளைத்தமிழே சான்று. மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தால், ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதினொன்றாம் மாதம் முத்தம், பதின்மூன்றாம் மாதம் வருகை எனப் பருவங்களை வகுத்தனர். பாட்டியல் இலக்கணமாக நாம் கற்பிக்கும் இவ்வரிசையை வீட்டு ஒழுங்குக்கும் வழிகாட்டியாகக் கொள்ளலாம். செங்கீரைப் பருவத்தில் தலையெடுத்துத் தவழ முயலும் குழந்தைக்குத் தரையில் கிடக்கும் பொத்தானும் காசும் பகை. சப்பாணி கொட்டும் பருவத்தில் கைக்கு எட்டும் மேசைவிரிப்பின் நுனியும், அதன்மேல் வைத்த சுடுநீர்க் கோப்பையும் பகை. தளர்நடையிட்டு வரும் பருவத்தில் குளியலறையில் நிறைத்து வைத்த வாளியே பெரும்பகை. சில அங்குல நீரில் குழந்தை மூழ்கிவிடும். ஒரு மாதத்துக்கு ஏற்ற ஒழுங்கு அடுத்த மாதத்துக்கு ஏலாது. இதனை நினைவில் வைத்து வீட்டை மாற்றிக்கொண்டே இருப்பதும் ஒரு வேலைதான். கண்ணுக்குத் தெரியாத வேலை.

கண்ணுக்குத் தெரியும் வேலையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டும். ஒரு முறைக்கு அரைமணி என்று கொண்டால், எட்டு முறைக்கே நான்கு மணி நேரமாகிறது. துணி மாற்றுதல், குளிப்பாட்டுதல், உறங்கவைத்தல், இரவு விழித்தல் ஆகியவற்றைக் கூட்டினால் ஒரு முழுநாள் வேலையாகும். இதன்மேல் சமையலும் துவையலும் ஏறுகின்றன.

தொட்டிற் கயிறு

இரண்டு வேலையையும் ஒருத்தியே சுமந்தமையால் பிறந்த ஓர் உத்தி உண்டு. தொட்டிற் கயிற்றைக் காற்பெருவிரலில் மாட்டிக்கொண்டு, கையால் கீரை ஆய்ந்த தாய்மாரை நம்மில் பலர் கண்டிருப்போம். கை வீட்டு வேலை செய்தது. கால் பிள்ளை வேலை செய்தது. இந்நாட்டில் தொட்டில் கம்பிச்சுருளில் தொங்கி, மேலும் கீழுமாக ஆடியது. மலாய்க்காரரின் 'புவாய்' தொட்டிலும் நம் தூளியும் இங்கே ஒன்றாயின. இன்று காலுக்குப் பதில் மின்விசைப் பொறி வந்துள்ளது.

கால் ஆட்டிய தொட்டிலுக்கும் பொறி ஆட்டும் தொட்டிலுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. தாய் அருகில் இருந்தாள். குழந்தையின் மூச்சொலி அவள் காதில் விழுந்தது. பொறி எதையும் கேளாது. துணித் தொட்டிலில் குழந்தையின் மோவாய் மார்பில் அழுந்தினால் மூச்சு தடைப்படக்கூடும். ஆதலால் நெடுநேர உறக்கத்துக்குக் கெட்டியான, சமமான படுக்கையில், தலையணையின்றி, மல்லாக்கப் படுக்கவைத்தலே தக்கது என்று மருத்துவர் கூறுவர். அழுகையை அடக்கத் தொட்டில். உறங்கிய பின் படுக்கை என்று கொள்வது நன்று.

வருகைப் பதிவேடு காட்டும் உண்மை

பிள்ளை வேலையை யாரும் கணக்கில் எழுதாவிட்டால் அது இல்லாமற் போய்விடுவதில்லை. எளியவர் தலையில் விழுகின்றது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் அது விழுந்தது மூத்த பெண்ணின் தலையில். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற சிறுமியின் பெயருக்கு நேரே பதிவேட்டில் 'வரவில்லை' என்று குறிக்கப்பட்டது. அவள் சோம்பேறியல்லள், சம்பளமில்லாத ஆயா. மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் நின்றுபோன பெண்களின் படிப்பில் எத்தனை தொட்டில்கள் ஆடின என்பதை எந்தப் பதிவேடும் கூறவில்லை.

இன்றைய ஜொகூர் வீடு

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புப் பகுதிகளானபோது, நம் மக்கள் ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங் போன்ற இடங்களுக்குப் பெயர்ந்தனர். இவர்களுள் பலர் 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். நெரிசலுக்கு அஞ்சி இருட்டிலேயே புறப்படுகின்றனர். பெரட்டு போய்விட்டது, விடியுமுன் புறப்படும் தாய் அப்படியே இருக்கிறாள். கொட்டகையும் அடுத்த வாசல் அத்தையும் மட்டும் இல்லை.

சட்டம் சில துணைகளைத் தந்துள்ளது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு 2023 சனவரி முதல் நாளிலிருந்து 98 நாளாயிற்று. மணமான தந்தைக்கு 7 நாள் விடுப்பும் அப்போதே வந்தது. நான்கு வயதுக்குட்பட்ட நால்வர் அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கட்டணத்துக்குப் பார்க்கும் இடம், 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி 'தாஸ்கா' என்னும் குழந்தைக் காப்பகமாகச் சமூக நலத்துறையில் பதியப்பட வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது அங்குள்ள அளவு. குழந்தையை விடுமுன் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பதும், ஒருவர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார் என்று எண்ணுவதும் பெற்றோர் கடமை. பழைய ஆயாவிடம் நாம் கேளாத கேள்வி அது.

வேலைக்குச் செல்லும் தாய் பாலைப் பிழிந்து வைக்கலாம். குளிர்ப்பெட்டியில் அது 4 நாள் வரை தாங்கும். வெளியில் 4 மணி நேரம் என்பது 25 பாகைச் சூட்டுக்குரிய கணக்கு. ஜொகூர் நண்பகலுக்கு அதனினும் குறைத்துக்கொள்க. வாளி, பூச்சாடித் தட்டு முதலியவற்றில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கொட்டுவதும் கைக்குழந்தை வீட்டின் தவறாத கடமை. டெங்கிக் கொசு பெருக ஒரு வாரம் போதும்.

சட்டம் வீட்டுக்குள் வந்து துணி அலசாது. ஆகவே ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு கணக்கு எழுதிக்கொள்ள வேண்டும். பிள்ளை வேலை இவை, வீட்டு வேலை இவை என்று இரண்டு பத்தியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்பவர் பெயரை இடுக. பாலூட்டுதல் ஒன்றே தாய்க்கு மட்டும் உரியது. மற்றவற்றுக்கு எதிரே தந்தையின் பெயரை எழுதத் தடை ஏதும் இல்லை. எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பெயர் வந்தால் அந்த வீட்டுக் கணக்கு தவறு.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. 'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொல்லும்போது, வீட்டில் யார் யார் என்ன வேலை செய்கின்றனர் என்பதையும் எழுதச் சொல்லலாம். பிள்ளையைப் பார்ப்பதை மாணவர் வேலையென்று எழுதுகின்றனரா என்று கவனிக்கலாம். அடிக்கடி வராத மாணவியின் வீட்டில் தொட்டில் ஆடுகிறதா என்று கேட்டறியலாம். ஆயாக் கொட்டகை மீண்டும் வர வேண்டியதில்லை. பிள்ளை வேலையும் வேலையே என்று அது எழுதிவைத்த ஒரு வரி நம் கணக்கில் இருந்தால் போதும்.