கடும் புகையிலையும் முதற் புகையும்

புகை பிடித்துப் பழகாத ஒருவன் கடும் புகையிலை இட்ட ஹூக்காவையோ சுங்கானையோ முதன்முறையாக இழுக்கும்போது, சில நிமிடங்களில் அவனுக்குத் தலை சுற்றுகிறது. வாயில் நீர் ஊறுகிறது. முகம் வெளுத்துக் குளிர்ந்த வியர்வை அரும்புகிறது. குமட்டலும் சில வேளைகளில் வாந்தியும் உண்டாகின்றன. அருகிலிருப்போர் இதனைக் கண்டு நகைத்து, "பழகினால் சரியாகிவிடும்" என்று தேற்றுவது வழக்கம். இக்கூற்றில் ஒரு பகுதி உண்மை. மற்றொரு பகுதி பெருந்தவறு. இவ்விரண்டையும் பிரித்தறிவது புகையிலை விளையும் பகுதிகளில் பணியாற்றுவோருக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் இன்றியமையாததாகும்.

அக்பரும் புகைக்குழாயும்

போர்த்துகீசியர் வாயிலாக இந்தியாவிற்கு வந்த புகையிலை, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொகலாய அரசவையை எட்டியது. பீஜப்பூருக்குத் தூது சென்று மீண்ட அசத் பேக் என்பவர் புகையிலையையும் அழகிய புகைக்குழாய் ஒன்றையும் அக்பரின் முன் வைத்தார். பேரரசர் சிலமுறை இழுத்துப் பார்த்தார். அரண்மனை வைத்தியரோ மனங்கலங்கி, அதற்குமேல் இழுக்க விடாது தடுத்தார். அக்பர் இப்பழக்கத்தை மேற்கொள்ளவில்லை. ஆனால் பிரபுக்களிடையே அது விரைந்து பரவியது என்று அசத் பேக் எழுதி வைத்துள்ளார். 1617-இல் ஜஹாங்கீர் புகையிலையைத் தடை செய்தும் பயன் விளையவில்லை. அறியாத பொருள் என்ற ஒரே காரணத்தால் எழுந்த அந்த வைத்தியரின் ஐயம் சரியானதே என்பதைப் பிற்கால விஞ்ஞானம் காட்டிற்று.

கடுமைக்குக் காரணம்

புகையிலையின் கடுமைக்கு முதற்காரணம் நிக்கோடின் என்னும் காரப்பொருள். 1828-இல் ஜெர்மனியிலுள்ள ஹைடல்பர்க் நகரில் போஸெல்ட், ரைமன் என்னும் இருவர் இதனைத் தனியே பிரித்தெடுத்தனர். இது செடியின் வேரில் உருவாகி இலைகளில் சேர்கிறது. பூச்சிகளிடமிருந்து செடியைக் காப்பதே இதன் தொழில். நுனி கிள்ளுவதாலும், பக்கத் தளிர்களை ஒடிப்பதாலும், தழைச்சத்து மிகுதியாக இடுவதாலும் இலையில் நிக்கோடின் பெருகும் என்பதைக் களப்பணியாளர் அறிவர்.

இந்தியாவில் பயிராகும் புகையிலை இரண்டு இனங்களைச் சேர்ந்தது. சிகரெட், பீடி, சுருட்டு ஆகியவற்றிற்குப் பயன்படுவது நிக்கோடியானா டபாக்கம். குளிர்ச்சியான வட, வடகிழக்குப் பகுதிகளில் விலாயத்தி என்றும் மோதிஹாரி என்றும் வழங்கும் இனம் நிக்கோடியானா ரஸ்டிகா. சிகரெட் இலையில் நிக்கோடின் பெரும்பாலும் 1 முதல் 3 சதவிகிதம் வரை இருக்க, ரஸ்டிகா இலையில் அது 8 அல்லது 9 சதவிகிதத்தைக்கூட எட்டுவதுண்டு. இவ்விலையை இடித்து வெல்லப்பாகு சேர்த்துச் செய்யப்படுவதே வடநாட்டுக் கடும் ஹூக்காப் புகையிலை.

அளவு மட்டுமே கடுமையை நிர்ணயிப்பதன்று. புகையின் தன்மையும் அதில் பங்கு கொள்கிறது. சர்க்கரைச் சத்து மிகுந்த வர்ஜீனியா இலையின் புகை அமிலத் தன்மை உடையது. அதிலுள்ள நிக்கோடின் வாயின் உட்தோல் வழியே எளிதில் ஊடுருவாது. புகை நுரையீரலை அடைந்த பின்னரே இரத்தத்தில் கலக்கும். காற்றில் உலர்த்திப் பதம் செய்த கரும்புகையிலையின் புகையோ காரத் தன்மை உடையது. அதனை உள்ளிழுக்காமல் வாயில் வைத்திருந்தாலே நிக்கோடின் இரத்தத்தில் ஏறிவிடும். "புகையை விழுங்கவில்லையே, பின் ஏன் மயக்கம்?" என்று சுங்கான் பிடித்துப் பார்ப்போர் வியப்பதன் காரணம் இதுவே. ஹூக்காவின் நீர் நஞ்சை வடித்துவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. நீர் புகையைக் குளிர்விக்கிறது. அதனால் நெஞ்சில் காரல் குறைந்து, மேலும் ஆழமாகவும் நெடுநேரமும் இழுக்க இயலுகிறது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடையும் நீர் தடுப்பதில்லை.

உடலில் நிகழ்வது

நரம்புகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ள அசிட்டைல்கோலின் என்னும் பொருளைப் பயன்படுத்துகின்றன. அதற்குரிய ஏற்பிகளில் நிக்கோடினும் பொருந்திக்கொள்ளும். நரம்பு முடிச்சுகளின்மீது நிக்கோடினைத் தடவினால் செய்தி செல்லும் வழி அடைபடுவதை 1889-இல் லாங்லி, டிக்கின்சன் என்னும் ஆங்கில விஞ்ஞானிகள் காட்டினர். சிறிய அளவில் தூண்டுவதும், பெரிய அளவில் முதலில் தூண்டிப் பின் முடக்குவதும் நிக்கோடினின் இயல்பு.

உள்ளிழுத்த புகையின் நிக்கோடின் ஏறத்தாழ 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளையை அடைகிறது. முகுளத்தில் இரத்தத்தைச் சோதித்து நஞ்சை உணரும் ஒரு பகுதி உண்டு. அது தூண்டப்படுவதால் குமட்டலும் வாந்தியும் தோன்றுகின்றன. அட்ரினலின் சுரந்து இதயம் விரைந்து துடிக்கிறது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் முகம் வெளுக்கிறது. ஆகவே, முதற் புகையில் வரும் நோவு மனத்தளர்ச்சி அன்று. உண்மையான நச்சுத்தாக்கமே ஆகும். சுமார் 2 மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள நிக்கோடின் பாதியாகக் குறைவதால், சிறிய அளவாயின் உடல் விரைவில் தேறிவிடுகிறது.

பழக்கத்தின் பொருள்

திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் ஏற்பிகள் உணர்ச்சி மழுங்குகின்றன, குமட்டல் மறைகிறது. "பழகினால் சரியாகிவிடும்" என்பதில் உண்மையான பகுதி இவ்வளவே. மறைவது எச்சரிக்கை மட்டுமே, தீங்கு மறைவதில்லை. புகையின் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் நுரையீரலுக்கும் இதயத்திற்கும் செய்யும் கேட்டிற்கு உடல் ஒருநாளும் பழகுவதில்லை. மேலும், மூளையில் ஏற்பிகளின் எண்ணிக்கை பெருகுவதால், புகை கிடைக்காதபோது எரிச்சலும் அமைதியின்மையும் தோன்றுகின்றன. முதல் நாளில் புகையினால் நோயுற்றவன், பின்னர் புகை இன்மையால் நோயுறுகிறான்.

வயலில் தோன்றும் அதே நோய்

புகை பிடிக்காமலே இத்துன்பத்தை அடைவோரும் உளர். பனியிலோ மழையிலோ நனைந்த இலைகளைக் கையாளும்போது, நிக்கோடின் நீரில் கரைந்து தோல் வழியே உட்புகுகிறது. பச்சைப் புகையிலை நோய் என்னும் இது 1970-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. பின்னர் குஜராத்தின் புகையிலைத் தொழிலாளரிடமும் இது கண்டறியப்பட்டது. தலைவலி, வாந்தி, தளர்ச்சி ஆகிய இதன் குறிகளை வெயிலின் கொடுமை என்றோ பூச்சி மருந்தின் விளைவு என்றோ மயங்குவது எளிது. உடல் எடை குறைந்த சிறுவர்க்கு ஆபத்து மிகுதி.

செய்ய வேண்டுவன

புகையினால் தலை சுற்றியவரை உடனே நல்ல காற்றுள்ள இடத்திற்குக் கொண்டுசென்று, ஒருக்களித்துப் படுக்க வைக்கவேண்டும். வாந்தியை வலிந்து வரவழைத்தல் கூடாது. வயலில் நோயுற்றவரின் ஈர உடையைக் களைந்து, தோலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவவேண்டும். மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவிழப்பு ஆகியவற்றுள் ஒன்று காணினும், குழந்தை புகையிலையை விழுங்கியிருப்பினும், தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். இலை காய்ந்த பின் பறித்தலும், கையுறையும் முழுக்கை உடையும் அணிதலும் நோயைத் தடுக்கும்.

18 வயதிற்கு உட்பட்டோருக்குப் புகையிலை விற்பதையும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜத்திற்குள் அதனை விற்பதையும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எனினும் மாணவனின் முதற் புகை பெரும்பாலும் கடையில் அன்று, நண்பர் நடுவில் நிகழ்வது. அங்கே தலை சுற்றியவனை நகைப்பது எளிது; அதனைக் கண்டு நாணி அவன் மீண்டும் முயல்வதும் எளிது. அந்த நோவு அவனது உடல் தரும் முதல் எச்சரிக்கை என்றும், அதனை மதித்து நிறுத்துவது கோழைத்தனம் ஆகாது என்றும் ஆசிரியர் முன்கூட்டியே விளக்கியிருப்பின், இரண்டாம் புகைக்கு இடமிராது.